மேல்மண் எனக்கு, அடியில் இருப்பது வேறொருவருக்கு: டெக்சாஸில் இப்படி ஒரு நிலத்தை வாங்கலாமா?

கொல்லைக்காரன் எழுதியது:

வணக்கம். சான் அன்டோனியோவுக்குத் தெற்கே, அட்டஸ்கோசா கவுண்டியில் இருபது ஏக்கர் சொச்சம் ஒரு நிலம் பார்த்து முன்பணம் கட்டியிருக்கிறோம். கொஞ்சம் ஆடு, நாலு மாட்டுக்குப் புல், வசதிப்பட்டால் ஒரு வீடு. கடன் இல்லாமல் முடித்துவிடலாம் என்றிருந்தபோது நில உரிமையைச் சரிபார்க்கிற டைட்டில் கம்பெனியின் அறிக்கை வந்தது. 1950களில் இந்த நிலத்தை விற்றவர் "எண்ணெய், எரிவாயு, மற்ற கனிமங்கள்" எல்லாவற்றையும் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் வைத்துக்கொண்டு, மேல்நிலத்தை மட்டும் விற்றிருக்கிறார்.

ஏஜெண்டிடம் கேட்டால் "டெக்சாஸில் எல்லா நிலமும் இப்படித்தான், விடுங்கள்" என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்கு யாரோ லாரியோடு வந்து ஆட்டுப்பட்டிக்கு நடுவில் கிணறு தோண்டினால் என்னால் தடுக்க முடியுமா, முடியாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

பாகப்பிரிவினையில் வீடு நமக்கு, கொல்லைக் கிணறு பெரியப்பாவுக்கு, கிணற்றுக்குப் போகிற நடைபாதை நம் கூடத்து வழியாக என்று எழுதி வைப்பார்களே, அந்தக் கதைதான். வாங்குங்கள், ஆனால் பெரியப்பா நல்லவரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பம்ப்ஜாக் எழுதியது:

மிட்லண்டில் எண்ணெய் வயல் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை, ஆனால் நிலத்துக்காரர்களோடு பேசுவது எங்கள் அன்றாட வேலையில் ஒரு பகுதி.

கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் சட்டத்தில் இந்த இரண்டு உரிமைகளும் சமமானவை அல்ல. கனிம உரிமைதான் மேல்கை. அடியில் இருப்பதை எடுக்க நியாயமாகத் தேவைப்படுகிற அளவுக்கு மேல்நிலத்தைப் பயன்படுத்தலாம். சாலை போடலாம், கிணற்று மேடை கட்டலாம், தொட்டி வைக்கலாம். உங்கள் கையெழுத்து வேண்டியதில்லை. அந்த நியாயமான அளவுக்குள் நடக்கிற சேதத்துக்கு நஷ்டஈடு தரவும் பொதுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கவனக்குறைவு, தேவைக்கு மீறிய பயன்பாடு என்று நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். துளையிடும் அனுமதி கிடைத்த பிறகு 15 வேலை நாட்களுக்குள் மேல்நிலத்துக்காரருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கவனியுங்கள், அனுமதி கிடைத்த *பிறகு*.

ரயில்ரோடு கமிஷனிடம் போய் முறையிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பெயரில்தான் ரயில், எண்ணெய், எரிவாயுவை ஒழுங்குபடுத்துவது அவர்கள்தான். ஆனால் சத்தம், லாரிப் போக்குவரத்து, குத்தகைத் தகராறு எதுவும் அவர்கள் அதிகாரத்தில் வராது.

இனி நல்ல செய்தி. 1971இல் டெக்சாஸ் உச்சநீதிமன்றம் கெட்டி ஆயில் எதிர் ஜோன்ஸ் என்ற வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கெய்ன்ஸ் கவுண்டியில் ஒரு விவசாயி தானே நகர்ந்து போகிற தெளிப்பு நீர்ப்பாசனக் குழாயை 1963இல் போட்டார். சக்கரத்தின் மேல் நிற்கிற குழாய் அது. சுமார் ஏழு அடி உயரத்துக்குள் இருக்கிற எதையும் தாண்டிப் போகும். அப்புறம் எண்ணெய்க் கம்பெனி கொண்டுவந்து வைத்த பம்புகளில் ஒன்று 17 அடி, இன்னொன்று 34 அடி. பாசனக் குழாய் போய் முட்டி நின்றுவிட்டது. அதே நிலத்தில் வேறு இரண்டு கம்பெனிகளும் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தன. ஒருவர் பம்பைக் கான்கிரீட் குழிக்குள் இறக்கியிருந்தார், இன்னொருவர் குட்டையான ஹைட்ராலிக் பம்பு வைத்திருந்தார். அவர்களால் முடிகிறபோது உன்னால் ஏன் முடியாது என்பதுதான் வழக்கு. மேல்நிலத்தில் ஏற்கெனவே ஒரு பயன்பாடு இருந்து, கனிமக்காரருக்கு அதே நிலத்துக்குள் தொழில் வழக்கப்படி வேறு நியாயமான வழியும் இருந்தால், அவர் அந்த வழியில்தான் போக வேண்டும் என்று கோட்பாடு பிறந்தது. "அனுசரித்துப் போகும் கோட்பாடு" என்று வைத்துக்கொள்ளலாம்.

கொல்லைக்காரன் எழுதியது:

> மேல்நிலத்தில் ஏற்கெனவே ஒரு பயன்பாடு இருந்து

அப்படியானால் வாங்கின கையோடு வேலி, பட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாம் போட்டுவிட்டால் நான் பத்திரம்தானே?

பம்ப்ஜாக் எழுதியது:

அவ்வளவு சுலபமாக இருந்தால் எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

2013இல் மெரிமன் என்ற நிலத்துக்காரர் எதிர் எக்ஸ்.டி.ஓ. என்ற எண்ணெய்க் கம்பெனி என்று ஒரு வழக்கு வந்தது. லைம்ஸ்டோன் கவுண்டியில் 40 ஏக்கர், வேலி, மாடு பிடிக்கிற பட்டி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. கிணறு வந்து மாட்டு வேலையைக் கெடுத்தது. மெரிமன் தோற்றார். கிணறு தொந்தரவு என்று காட்டினால் போதாது, *உங்கள்* தொழிலை அங்கே வேறு நியாயமான முறையில் நடத்தவே வழியில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். செலவு கூடும், அசௌகரியம் என்பதெல்லாம் எடுபடவில்லை. ஆட்டுப்பட்டியை நூறு அடி தள்ளிப் போடலாமே என்று அவர்கள் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மேல்நிலக்காரர் பக்கம் சாய்ந்ததும் உண்டு. பெகோஸ் கவுண்டியில் 315 ஏக்கரில் சுமார் 70 சதவீதத்தைச் சூரிய மின் பலகைகள் மூடிவிட்டன. கனிமக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். உங்களிடம் தோண்டும் திட்டமே இல்லையே, தோண்ட வரும்போது பேசலாம் என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுப்பிவிட்டது. அனுசரிப்புக் கோட்பாடு இந்த மாதிரி நிலத்துக்கும் பொருந்தும் என்றும் சொன்னது. மேற்கு டெக்சாஸில் சோலார் போடுகிறவர்கள் எல்லோரும் இந்தத் தீர்ப்பைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

தண்ணீரை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நிலத்தடி நீர் மேல்நிலத்துக்காரருடையது. ஆனால் கம்பெனி கனிமக்காரரிடம் குத்தகை எடுத்த அந்த நிலத்தில் எண்ணெய் எடுக்கத் தேவையான அளவு நல்ல தண்ணீரை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1972இலேயே தீர்ப்பு இருக்கிறது. வேறு நிலத்தின் வேலைக்கு இங்கிருந்து கொண்டுபோக முடியாது. வறண்ட ஊரில் எனக்கு இதுதான் கிணற்றைவிடப் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது.

ராஜி_ஓக்லஹோமா எழுதியது:

எல்லோரும் கனிமக்காரரை வில்லனாக்குகிறீர்களே! நான் அந்தப் பக்கத்தில் இருக்கிறேன். என் கணவரின் பாட்டி வழியாக ஓக்லஹோமாவில் ஒரு சின்னப் பங்கு வந்தது. சின்னது என்றால், பங்குக்குள் பங்காகப் பிரிந்து பின்னமாகிப் போனது. மேல்நிலத்தை அவர்கள் குடும்பம் விற்று எத்தனையோ காலமாகிறது. விற்றபோது "மண்ணுக்கு மட்டும்தான் விலை" என்று பேசித்தான் விற்றிருக்கிறார்கள், வாங்கியவரும் அந்தக் குறைந்த விலையில்தான் வாங்கினார். இப்போது வந்து "என் நிலத்தில் கால் வைக்காதே" என்றால், அடியில் இருப்பதை நான் காகிதத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

ஆனால் டெக்சாஸ் முறை நியாயம் என்று சொல்ல மாட்டேன். இங்கே 1982 முதல் ஒரு சேதச் சட்டம் இருக்கிறது. கனரக இயந்திரம் நிலத்துக்குள் நுழையும் முன்பே மேல்நிலத்துக்காரரோடு நஷ்டஈடு பேச வேண்டும். ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் மூலம் மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். வேலை நிற்காது, பணமும் வராமல் போகாது. வடக்கு டக்கோட்டா 1979லேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டது. வயோமிங் 2005இல். அங்கே முன்கூட்டியே நோட்டீஸ், நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை, படியாவிட்டால் பிணைத்தொகை, சட்டம் வந்தபோது கிணற்றுக்குக் குறைந்தது 2,000 டாலர். அந்தத் தொகை ஒரு சாலை போட்ட சேதத்துக்குக்கூடக் காணாது என்பது வேறு விஷயம். எடுக்கிற எண்ணெய்க்கு எங்களுக்கு வருகிற பங்கான ராயல்டியில் இந்தச் சட்டங்களால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கொடுக்கிறவர் கம்பெனி.

திருவாரூரான் எழுதியது:

படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. அங்கே சண்டை இரண்டு தனியாருக்கு நடுவில். இரண்டு பேருக்கும் காசு வருகிறது, யாருக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. எங்கள் ஊரில் விவசாயிக்கு அடியில் இருப்பதில் ஒரு பைசா பங்கு கிடையாது. எங்கள் சித்தப்பா வயல் வழியாகக் குழாய் போகிறது. 1962 குழாய்ப் பாதைச் சட்டப்படி பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், நிலம் நம் பெயரிலேயே இருக்கும். ஈடு, பயிர்ச் சேதத்தோடு நிலமதிப்பில் 10 சதவீதம். அப்புறம் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. பத்து சதவீதம் கொடுத்துவிட்டு நூறு சதவீத நிபந்தனை. 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் நின்றபோது ஊரே ஏன் ரோட்டுக்கு வந்தது என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

அடியில் இருப்பதெல்லாம் அரசாங்கத்துக்கு என்று எவன் எழுதி வைத்தான்?

வக்கீல்_தென்காசி எழுதியது:

திருவாரூரான், பலரும் நினைப்பதுபோல் அப்படி எங்கும் பொதுவாக எழுதி வைக்கவில்லை. கடலுக்கு அடியில் இருப்பதை மட்டும்தான் அரசியல் சட்டத்தின் 297ஆம் பிரிவு நேராக ஒன்றிய அரசிடம் கொடுக்கிறது. நிலத்தைப் பற்றி 2013இல் உச்சநீதிமன்றம் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் தெளிவாகவே சொன்னது: சட்டப்படியான நடவடிக்கை எதனாலும் பறிக்கப்படாதவரை, அடிமண்ணின் உரிமை சாதாரணமாக நிலத்தின் உரிமையைத் தொடர்ந்தே வரும். மலபாரின் ஜென்மி நிலங்கள், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலங்கள் பற்றிய வழக்கு அது. மலபார் அன்றைக்குச் சென்னை மாகாணம் என்பதால், நம் ஊர் ரெவின்யூ போர்டின் பழைய நிலையாணைகளை எல்லாம் நீதிபதிகள் புரட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். உரிமை உங்களுடையதாக இருந்தாலும், 1957 கனிமச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தோண்ட முடியாது. அரசு புறம்போக்கு, ஒப்படைப்பு நிலம் என்றால் கதையே வேறு. பெட்ரோலியத்துக்கு 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல் சட்டமும் அதன் கீழான விதிகளும் தனி. குத்தகை கொடுப்பதும் அரசு, ராயல்டி போவதும் அரசுக்கு.

திருவாரூரான் எழுதியது:

அனுமதி இல்லாமல் தொட முடியாது, அனுமதியை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்றால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

வக்கீல்_தென்காசி எழுதியது:

கோபம் நியாயம்தான். அதே கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவு இருக்கிறது: குத்தகைதாரர் நிலத்துக்குள் நுழையலாம், சேதத்துக்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். ஓக்லஹோமாக்காரர்கள் சொல்வதற்கு நம் பக்கத்துப் பதில் அதுதான். நடைமுறையில் ஈட்டை நிர்ணயிப்பது யார், எப்போது என்பதில்தான் எல்லாம் தொலைகிறது. டெல்டாவில் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை நிறுத்தியது. நடந்துகொண்டிருந்தவற்றை அது தொடவில்லை. அதாவது உங்கள் சித்தப்பாவுக்கு அதனால் பயனில்லை. இரண்டு உரிமைகளையும் சமப்படுத்தும் சட்டம் என்றும் அதைச் சொல்ல முடியாது, ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்த சட்டம் அது. சில இடங்களில் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

மட்டுறுத்துநர் எழுதியது:

டெல்டா அரசியலுக்குத் தனி இழை ஓடுகிறது. கட்சிப் பெயர்களோடு வந்த இரண்டு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே கொல்லைக்காரனுக்கு முன்பணக் கெடு நெருங்குகிறது.

பழைய_பேப்பர் எழுதியது:

அமெரிக்காவின் கிழக்கு மலைப்பகுதியான அப்பலாச்சியாவின் வரலாறு கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் ஒன்று. பத்திரத்தில் எழுதியதை எழுதினபடியே நூறு வருடம் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கென்டக்கி மாநிலம்தான் பாடம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஏஜெண்டுகள் மலை மலையாக ஏறி, ஏக்கருக்குச் சில்லறைக் காசு கொடுத்து, நிலக்கரியையும் அதை எடுக்கத் தேவையான எல்லா வசதிகளையும் எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் மனதில் இருந்தது மலைக்குள் சுரங்கம் குடைவது. பின்னால் புல்டோசர் வந்தது. மலையையே உரித்து எடுக்கும் முறைக்கும் அந்தப் பழைய பத்திரமே அனுமதி என்று 1956இல் அந்த மாநில நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1965இல் ஆலி கோம்ஸ் என்ற கைம்பெண், தன் வீட்டுக்கு மேலே இருந்த சரிவில் புல்டோசரைப் போய் மறித்தார். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்து அவரைத் தூக்கிக்கொண்டு போகிற படம் நாடு முழுக்க அச்சானது. நன்றி நவிலல் நாள் சாப்பாடு அவருக்குச் சிறையில்.

1988இல் மக்கள் வாக்கெடுப்பில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். பத்திரத்தில் முறை குறிப்பிடப்படவில்லை என்றால், அது எழுதப்பட்ட காலத்தில் அந்த வட்டாரத்தில் தெரிந்திருந்த முறையில்தான் நிலக்கரி எடுக்கலாம். எண்பது சதவீதத்துக்கு மேல் ஆதரவு. அன்றைக்கு யாருடைய சொத்தையும் பிடுங்கவில்லை. நிலக்கரி அவர்களுடையதுதான், எடுக்கிற விதம் மட்டும் கட்டுப்பட்டது. எனக்கு இந்தத் தீர்வு மிகவும் பிடித்தது.

ராஜி_ஓக்லஹோமா எழுதியது:

பிடுங்கவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். உரித்து எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்கிற ஆழத்தில் கரி இருந்தால், அந்தத் திருத்தத்துக்கு அப்புறம் அதற்கு என்ன விலை? 1922இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பென்சில்வேனியா வழக்கில் கேட்டதும் இதைத்தானே? வீடு இறங்கிவிடக் கூடாது, அடியில் கரியை விட்டுவை என்று மாநிலம் சட்டம் போட்டது. கட்டுப்பாடு எல்லை மீறினால் அது பறிமுதல்தான் என்று சட்டத்தையே தூக்கிவிட்டார்கள்.

பழைய_பேப்பர் எழுதியது:

உண்மை. ஆனால் 1987இல் அதே மாநிலத்தின் இன்னொரு சட்டத்தை, கட்டடங்களுக்கு அடியில் ஒரு பகுதிக் கரியை விட்டுவைக்கச் சொன்னதை, அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மொத்த உரிமையில் எவ்வளவு பங்கு முடங்குகிறது என்று பார்த்தார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தியானாவில் இருபது வருடம் பயன்படுத்தாமலும், பதிவு செய்யாமலும் விட்ட கனிம உரிமை மேல்நிலத்துக்காரரிடம் திரும்பிவிடும். 1982இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. லூசியானாவில் பத்தே வருடம்தான். டெக்சாஸில் இப்படி எதுவும் கிடையாது. உரிமை தூங்கலாம், சாகாது. வாரிசுகள் மூன்று மாநிலங்களில் சிதறி, தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருப்பார்கள்.

பம்ப்ஜாக் எழுதியது:

கொல்லைக்காரன் பத்திரத்தில் இருக்கிற "மற்ற கனிமங்கள்" என்ற இரண்டு வார்த்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டஸ்கோசாவில் லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரி உண்டு, அங்கே திறந்தவெளிச் சுரங்கமே இருக்கிறது. அந்த வார்த்தையில் லிக்னைட் அடங்குமா? 1950இல் எழுதிய ஒரு பத்திரத்தை வைத்து 1977, 1980 இரண்டு முறை டெக்சாஸ் உச்சநீதிமன்றம் இதை அலசியது. மேல்நிலத்தை அழிக்காமல் எடுக்க முடியாத, தரையிலிருந்து 200 அடி ஆழத்துக்குள் வருகிற படிவு என்றால் அது மேல்நிலத்துக்காரருடையது என்பது முடிவு. நிலத்தை வாங்கினவர் அந்த மேல்நிலமே இல்லாமல் போகச் சம்மதித்திருப்பார் என்று எப்படி நினைப்பது என்பது வாதம். 1983 ஜூனுக்குப் பிறகான பத்திரங்களுக்கு விதி மாறியது, யுரேனியம் கனிமக்காரர் பக்கம் போனது. உங்களுடையது பழைய பத்திரம். மணல், ஜல்லி, சுண்ணாம்புக்கல் எப்படியும் உங்களுக்குத்தான்.

வக்கீல்_தென்காசி எழுதியது:

நெய்வேலியை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் இதே லிக்னைட்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்துதான் அந்த ஊரின் கதை தொடங்குகிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இருக்கவே முடியாது. ஆகவே அங்கே நிலத்தையே எடுத்தார்கள். டெக்சாஸ் நீதிமன்றம் கரியை மேல்நிலத்துக்காரரிடம் கொடுத்து அந்த முடிச்சை அவிழ்த்தது, நாம் மேல்நிலத்தைக் கரிக்காரரிடம் கொடுத்து அவிழ்த்தோம்.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

டைனோசர் கிடைத்தால் யாருக்கு?

பழைய_பேப்பர் எழுதியது:

சிரிக்காதீர்கள், வழக்கே நடந்தது. மொன்டானாவில் மேல்நிலம் ஒரு குடும்பத்துக்கு, கனிமத்தில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்கு. 2006இல் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த இரண்டு டைனோசர் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பல லட்சம் டாலர் விலை. புதைபடிவம் கனிமம்தான் என்று 2018இல் மேல்முறையீட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. 2019இல் மாநிலச் சட்டமன்றம் இல்லை என்று சட்டம் போட்டது. 2020இல் மொன்டானா உச்சநீதிமன்றமும் கனிமம் அல்ல என்றது. எலும்பு மேல்நிலத்துக்காரருக்கு. இப்போது வட கரோலினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிலா_டல்லாஸ் எழுதியது:

கொல்லைக்காரன் அண்ணா, வழக்குகளைப் படித்துக்கொண்டே இருந்தால் கெடு முடிந்துவிடும். ரியல் எஸ்டேட்டில் இருக்கிறேன், நடைமுறைக்கு வருகிறேன்.

முதலில் கனிமம் இப்போது குத்தகையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரயில்ரோடு கமிஷனின் இணைய வரைபடத்தில் சுற்றிலும் உள்ள கிணறுகள் எல்லாம் தெரியும். பக்கத்தில் ஏற்கெனவே மேடை கட்டி, அங்கிருந்து பக்கவாட்டில் ஒன்றிரண்டு மைல் துளைத்து உங்கள் நிலத்துக்கு அடியிலேயே எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படி என்றால் உங்கள் இருபது ஏக்கருக்குள் புது மேடை வருகிற வாய்ப்பு குறைவு. ஒரு மேடைக்கே மூன்று நாலு ஏக்கர் கேட்பார்கள், சின்னத் துண்டு நிலம் அவர்களுக்கும் தலைவலி.

இரண்டாவது, மேல்நிலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று கனிமக்காரரிடம் எழுதி வாங்குவது. நகர்ப்புற மனைப்பிரிவுகளில் பில்டர்கள் இதைத்தான் செய்கிறார்கள். உங்கள் விஷயத்தில் வாரிசுகள் எத்தனை பேரோ, எல்லோரையும் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். அதைவிட, குத்தகைக்காரக் கம்பெனி யார் என்று தெரிந்தால் அவர்களோடு மேல்நிலப் பயன்பாட்டு ஒப்பந்தம் போடலாம். நிலத்தில் ஒரு மூலையைக் காட்டி, தோண்டுவதானால் இங்கேதான், சாலை இந்த வேலியோரம்தான், வாசல் கதவு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும், நல்ல தண்ணீர் எடுத்தால் இவ்வளவு என்று எழுத வைப்பது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பெரிய கம்பெனிகள் கையெழுத்துப் போடும், தகராறால் வேலை நிற்பது அவர்களுக்கு அதைவிடச் செலவு.

நில உரிமைக்கான காப்பீடான டைட்டில் பாலிசியில் டி-19.3 என்ற இணைப்பைக் கேளுங்கள். கனிமம் எடுப்பதால் நிரந்தரக் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்கு அது. புல்லுக்கும் வேலிக்கும் வராது. ஒரு ஏக்கர் வரையிலான வீட்டுமனைக்கு 19.2, உங்களுக்கு அது பொருந்தாது.

கொல்லைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வரைபடத்தைப் பார்த்துவிட்டேன். வடக்கே அரை மைலில் ஒரு மேடை இருக்கிறது, அங்கிருந்து புறப்படும் கோடுகளில் இரண்டு எங்கள் நிலத்துக்கு அடியில் போகின்றன. குத்தகை உயிரோடு இருக்கிறது. கம்பெனியின் நிலப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இப்போதைக்கு மேல்நிலத் தேவை இல்லை, மூலை குறிக்கும் ஒப்பந்தம் பற்றிப் பேசத் தயார் என்று பதில் வந்திருக்கிறது. "இப்போதைக்கு" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு விற்பவரிடம் விலை குறைக்கச் சொல்லி ஏஜெண்டை அனுப்பியிருக்கிறேன். ஏக்கருக்குக் கொஞ்சம் இறங்கினால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று வீட்டில் முடிவு.

ஒப்பந்தத்துக்குத் தென்கிழக்கு மூலையைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே மண் மோசம், புல்லும் சரியாக வருவதில்லை.

பம்ப்ஜாக் எழுதியது:

மூலையைக் குறிப்பதற்கு முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். தென் டெக்சாஸில் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்துதான் வரும். வீட்டை வடமேற்கில் கட்டினால் தூசியும் வாடையும் நேராக உங்கள் அடுப்படிக்கு. மண் கொஞ்சம் நன்றாக இருந்தாலும் வடக்கு வேலியோரத்தைக் கொடுங்கள், அவர்களுடைய பழைய மேடைக்கும் சாலைக்கும் அதுதான் பக்கம், அவர்களும் சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள். இருக்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இப்போதே ஒரு லேபில் கொடுத்துச் சோதித்து அறிக்கையை வாங்கி வையுங்கள். மீத்தேன், குளோரைடு, பென்சீன் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.